முன்வரிசையில் ஒரு கைதட்டல்

பூட்டிக் கிடக்கும் தறிக்கூடத்தின் சிமெண்ட் அட்டைக் கூரையிலிருந்து புறாக்கள் எழும்பும்போது ஒரு சத்தம் வரும். முதலில் ஒரே ஒரு புறா. பட், பட், பட். எலும்பும் காற்றும் மோதிக்கொள்கிற காய்ந்த சத்தம். ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு அது மட்டும் தனியாகக் கேட்கும். பிறகு கூட்டம் மொத்தமும் கிளம்பும். கருமத்தம்பட்டியில் என் அச்சுக்கடை வாசலில் காலையில் டீ குடிக்கிறபோது, அந்த முதல் புறாவின் சத்தத்துக்கு டம்ளர் என் உதட்டிலேயே நின்றுவிடுகிறது. அக்கா கை தட்டுகிறார் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. மனசு அப்புறம்தான் வந்து சேர்கிறது.

அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. அந்தக் கூடத்தில் தறி ஓட்டியவர். எங்கள் கட்சியின் கிளைச் செயலாளர். எங்கள் கட்சி என்றால், ஏழைக்குப் பேசுகிற கட்சி. தொழிலாளி, குத்தகைக்காரர், குடிசைக்காரர் என்று மேடையில் மூச்சுக்கு மூச்சு சொல்கிற கட்சி. முழுச் சிவப்பும் இல்லை, சிவப்புக்கு ரொம்பத் தூரமும் இல்லை. நான் அதன் உறுப்பினர். சுவருக்கு வாசகம் எழுதித் தருபவன், நோட்டீஸ் அடித்துக் கொடுப்பவன். மிச்ச நேரத்தில் கல்யாணப் பத்திரிகைகள், யாரும் கேட்காத கவிதைகள்.

என் வீடு தோட்டங்காடு உள்ள வீடு. அவர் பிறந்தது ஊருக்கு வெளியே காலனியில். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்த புதிதில் என் பெரியப்பா கடைக்கே வந்துவிட்டார்.

"ஏன்டா, உனக்குப் புதுசா எங்கிருந்து ஒரு அக்கா மொளச்சா?"

இதை அக்காவிடம் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். "கட்சிதான் கண்ணு நமக்குச் சொந்தம் குடுத்துச்சு. அதையாச்சும் உடாமப் புடிச்சுக்க."

தறிச் சத்தம் அவர் காதுகளைத் தின்றிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, பல வருடங்களாக, கரையான் புத்தகத்தைத் தின்பதுபோல. அவருக்கு அது பெரிய குறையாகவும் தெரியவில்லை. தறிக்கூடத்துக்குள் யார்தான் காதால் பேசிக்கொள்கிறார்கள்? உதட்டைப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், விரலை ஆட்டுவார்கள். எதிரே நின்று முகம் காட்டிப் பேசினால் அக்காவுக்கு ஒரு சொல் தப்பாது. முகத்தைத் திருப்பினால் போச்சு. மைக் வாயை மறைத்தால் போச்சு.

ஆனால் கட்சிக் கூட்டத்தில் கைதட்டலைத் தொடங்கி வைப்பது அவர்தான். எங்கள் மாநாடுகளில் தீர்மானம் கைதட்டலில்தான் நிறைவேறும்; கை தூக்குவது, எண்ணுவது எதுவும் கிடையாது. பழைய மாவட்டச் செயலாளர் தீர்மானத்தைப் படித்து முடித்ததும் காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு சோடாவுக்குக் கை நீட்டுவார். காகிதம் கவிழ்கிற அந்தக் கணத்தில் எங்கிருந்தோ பட் என்று ஒரு சத்தம். பலகையில் பலகை அடித்ததுபோல. நூலும் இரும்பும் உரசி உரசிக் காய்த்துப்போன உள்ளங்கைகள். ஒரு மூச்சு நேரம் அது தனியாகக் கேட்கும். பிறகுதான் கூட்டம்.

"அக்கா தட்டலீன்னா தீர்மானம் செல்லாதுங்கோ" என்பது ஊருக்குள் ஓடிய கேலி. டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏனுங்கக்கா, காது கேக்காமயே எப்படிங்க கரெக்டாத் தட்டறீங்க?"

"என்னத்தக் கேக்கோணும்? நாம எழுதிக் குடுத்ததைத்தான அவரு படிக்கறாரு!"

அதுதான் அவருடைய கட்சி. கிளையில் எழுதுவோம், மேலே படிப்பார்கள், தட்டுவோம். இடையில் ஏதாவது நடக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும்தான்.

எங்கள் கிளை எழுதிக் கொடுத்த தீர்மானங்களில் ஒன்று மட்டும் மாறாது. அவிநாசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வேலாமரங்கள் நிற்கிற புறம்போக்கு ஒன்று இருக்கிறது. அதைத் தறித் தொழிலாளர்களுக்கு வீட்டுமனையாகப் பிரித்துப் பட்டா கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். தறிக்காரர்கள் குடியிருப்பது லைன் வீடுகளில். கூடத்து முதலாளியே கட்டிவிட்ட ஒற்றை அறைகளின் வரிசை. தறி ஓடுகிற வரைக்கும் வீடு. தறி நின்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அக்காவின் முதலாளி தறிகளை ஒவ்வொன்றாக எடைக்குப் போட ஆரம்பித்திருந்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்கே தொழில் ஓடவில்லை. ஆக அக்காவுக்கு மிச்சம் இருந்தது அந்த வேலாமரத்துக் காடு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் விறகு பொறுக்கப் போகிற சாக்கில் அங்கே போய் நிற்பார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். செருப்பால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, "இந்தப் பக்கம் என்ற அடுப்படி. நீ வந்தா அங்க உக்காரு, பொகை அடிக்காது" என்றார். நான் உட்கார்ந்து பார்த்தேன். புகை அடிக்கவில்லை. அடுப்பே இல்லையே!

பிறகு மாவட்டத்துக்குப் புதிய பொறுப்பாளர் வந்தார்.

பழைய செயலாளருக்கு ஆலோசகர் என்று ஒரு பதவி கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். புதியவர் ஒரு பெரிய மில் குழுமத்தில் நிர்வாகத்தில் இருந்தவர். கரைவேட்டி கட்ட மாட்டார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறப் பேண்ட். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுவார். யார் வந்தாலும் எழுந்து நிற்பார். கோபப்படவே முடியாத மனிதர். அவர் எதிரில் நம் குரல் தானாகத் தணிந்துவிடும். என் கடையில் நின்று ஒருநாள் சொன்னார்.

"இடதும் வேண்டாமுங்க, வலதும் வேண்டாமுங்க. நடுவுல போனாத்தானுங்க வண்டி ஊர் போய்ச் சேரும்."

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே, "அவிநாசி ரோட்டுல நடுவால போனா லாரிக்காரன் அடிச்சுப்போட்டுப் போயிருவானுங்களே சார்" என்றார். எல்லோரும் சிரித்தோம். பொறுப்பாளரும் சிரித்தார். நன்றாகவே சிரித்தார்.

அந்த வருட மாநாடு பந்தலில் நடக்கவில்லை. அந்த மில் குழுமத்தின் ஏசி கல்யாண மண்டபத்தில் நடந்தது. எங்கள் மாநாடுகளுக்கென்று ஒரு வாசனை உண்டு: மைதாப் பசையும் மயில்துத்தமும் கொதிக்கிற போஸ்டர் வாசனை, வேர்வை, சுக்குக் காபி. இங்கே எலுமிச்சைப் புல் வாசனை குளிர்ந்து வந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய இளைஞர்கள் கையில் டேப்லெட்டோடு ஓசையில்லாமல் நடந்தார்கள். கட்சிக்கு யோசனை சொல்ல அமர்த்தியிருக்கும் கம்பெனியின் ஆட்களாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி சிரிப்பு.

அவர்களில் ஒரு பெண் வந்து அக்காவின் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிப் போனாள். நாற்காலியில் அக்காவின் பெயர் அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ற பேரு அச்சுல வந்துருக்குது பாரு கண்ணு. நீ இத்தன வருசம் அச்சாபீஸ் வெச்சிருந்து என்ன பிரயோசனம்?" என்றார். அதே வரிசையின் கோடியில் கட்சித் துண்டு போடாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். மண்டபத்தின் சொந்தக்காரர். மில்லுக்காரர்.

பொறுப்பாளர் படிக்க ஆரம்பித்தார். மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்திருந்தார். மூக்குக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. கவிழ்க்கக் காகிதமும் இல்லை, டேப்லெட். ஆனால் ஒவ்வொரு தீர்மானம் முடிந்ததும் டேப்லெட்டை நெஞ்சுக்குத் தாழ்த்தி, நேரே முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். இரங்கல் தீர்மானத்துக்கு எழுந்து நின்றோம். விலைவாசிக்கு அக்கா தட்டினார், மண்டபம் தட்டியது. மொழிக்கு அக்கா தட்டினார், மண்டபம் தட்டியது.

அடுத்தது: "கருமத்தம்பட்டி சுற்றுவட்டாரத்தில் பயன்பாடின்றிக் கிடக்கும் அரசுப் புறம்போக்கு நிலங்களை..."

வந்துவிட்டது, நம்முடையது, என்று நிமிர்ந்தேன்.

"...வேலைவாய்ப்பைப் பெருக்கும் நோக்கில், நவீன சரக்குக் கிடங்கு வளாகம் அமைப்பதற்காக..."

அமைப்பதற்காகக் கொடுக்கக் கூடாது என்று முடியப்போகிறது என்று நினைத்தேன். நம் மொழியில் கடைசிச் சொல் வரைக்கும் ஒரு நம்பிக்கை பாக்கி இருக்கும். நான் அந்தக் கடைசிச் சொல்லுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"...தனியார் நிறுவனங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு வழங்க வேண்டுமென இம்மாநாடு அரசைக் கேட்டுக்கொள்கிறது."

டேப்லெட் தாழ்ந்தது. அவர் அக்காவைப் பார்த்தார். சிரித்தார். லேசாகத் தலையாட்டினார்.

பட்.

என் கை அக்காவின் தோளை நோக்கி நீண்டு, பாதி வழியில், காற்றில் நின்றது. எனக்கு அது என் கையாகவே தெரியவில்லை. வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை. பட், பட், பட். ஒரு மூச்சு நேரம் அந்த மண்டபத்தில் அக்காவின் கைகள் மட்டும். பிறகு கூரை இடிந்ததுபோல மொத்த மண்டபமும். காலனியிலிருந்து வந்த பெண்கள் தட்டினார்கள். தறிக்காரர்கள் தட்டினார்கள். மேடையில் பழைய செயலாளர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு பையன் கேமராவோடு மண்டியிட்டு அக்காவின் கைகளுக்கு மிக அருகில் போனான். அந்தக் கைகளுக்காகவே கேமரா முன்பே அங்கே காத்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கை கழுவுகிற இடத்தில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். முகம் பளபளத்தது.

"நம்ம காட்டுத் தீர்மானம் எப்பப் படிச்சாரு? அந்தக் கெரகம் புடிச்ச மைக்கு வாயையே மூடிக்கிச்சு, ஒண்ணும் புரியலே."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவருக்குக் கேட்காமலிருக்க அது போதும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஈரக் கையால் என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"மொகத்தைக் காட்டிப் பேசு."

சொன்னேன். குத்தகை என்று சொன்னேன். கிடங்கு என்று சொன்னேன். என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார், இன்னும் ஏதோ வரும் என்பதுபோல. பிறகு குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"நானா கண்ணு மொதல்ல தட்டுனேன்?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"என்ற கையா?"

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ வந்து அடைத்தார்கள்.

அக்கா நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். பொறுப்பாளரும் மில்லுக்காரரும் பந்தியை மேற்பார்வை பார்த்தபடி நின்றிருந்தார்கள்.

"வாங்கக்கா, சாப்டீங்களா?" என்றார் பொறுப்பாளர்.

"எங்க தீர்மானம் எங்கீங்க?"

"அதேதானுங்கக்கா, கொஞ்சம் வேற மாதிரி வந்துருக்குதுங்க. குடோன் வந்தா நம்ம பசங்களுக்கு வேலைங்க. முதலீடும் வருமுங்க, நம்ம சனமும் பொழைக்குமுங்க. ரெண்டையும் நடுவா வெச்சுத்தானுங்க எழுதுனோம்."

"ஊடு?"

"வேலை இருந்தா ஊடு தானா வருமுங்க."

"வேலை இருந்துச்சுங்களே இத்தன வருசமா. ஊடு வல்லியே."

மில்லுக்காரர் பரிமாறுகிறவரைப் பார்த்து, "அக்காளுக்கு ஒரு எலை போடுங்கப்பா. மொதல்ல சாப்புடட்டும்" என்றார். கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கூடத்தில் எல்லோரும் கனிவாக இருந்தார்கள். அதுதான் மூச்சை அடைத்தது. யாராவது ஒருவர் வெடுக்கென்று பேசியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

அக்கா நகரவில்லை. "நாந் தட்டுனது தெரியாமத் தட்டுனதுங்க. அதைத் திருப்பி வாங்கிக்கோணும். கட்சியில அதுக்கு வழி இருக்குதுங்களா?"

யாராவது சிரிப்பார்கள் என்று பயந்தேன். பொறுப்பாளர் சிரிக்கவில்லை. ஒரு அடி முன்னால் வந்தார். முகத்தை அக்காவுக்கு நேராக வைத்து, உதடுகளை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, தறிக்கூடத்தில் பழகியவர்போலப் பேசினார்.

"அக்கா, நீங்க தட்டுனதுதானுங்க எங்களுக்குப் பலமே. நீங்க தட்டுனாத்தான் சபை தட்டுமுன்னு தெரிஞ்சுதானுங்க முன்னால சேர் போடச் சொன்னேன்."

பாராட்டாகத்தான் சொன்னார். சத்தியமாக. நான் அந்த முகத்தில் ஒரு கள்ளத்தைத் தேடினேன். கிடைத்திருந்தால் வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கிடைக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது, அக்காவுக்கு எப்படிப் பேசினால் கேட்கும் என்று. இவ்வளவு திருத்தமாகத் தெரிந்திருக்கிறது. மேடையில் அந்த மைக் அத்தனை நேரமும் வாயை மறைத்துக்கொண்டிருந்ததே!

அடுத்த நாள் காலையில் டீக்கடையில் எல்லோர் போனிலும் அது ஓடியது. அக்காவின் கைகள், மெதுவாக, மிக மெதுவாக, ஒன்றையொன்று நோக்கி வருகின்றன. காய்ப்பும் வெடிப்பும் தெரிகின்றன. பின்னால் புல்லாங்குழல். உள்ளங்கைகள் சேர்கிற இடத்தில் எழுத்துகள் மலர்கின்றன: 'உழைக்கும் கரங்களின் ஒப்புதல்.' டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"இதும் நீங்க எழுதுனதுங்களா?"

இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். அது என் வாசகம்போலவே இருந்தது. என் மொழியை எனக்கே தெரியாமல் கழற்றி எடுத்துப்போய், மினுக்கித் திருப்பி மாட்டியிருந்தார்கள்.

காலனியில் பெண்கள் அக்காவோடு பேச்சைக் குறைத்தார்கள். "நீயே தட்டிப்போட்டயே" என்று ஒருத்தி குழாயடியில் நேராகவே சொல்லிவிட்டாள். முகம் பார்த்துச் சொன்னாளாம். ஒரு எழுத்து விடாமல் புரிந்தது என்றார் அக்கா. தப்பைச் சரிசெய்ய நாங்கள் இருவரும் மாவட்ட அலுவலகத்துக்கு நடந்தோம். போன ஒவ்வொரு முறையும் பொறுப்பாளர் எழுந்து நின்றார், டீ வரவழைத்தார், "அடுத்த தடவ பார்க்கலாமுங்க" என்றார். வேலாமரங்கள் ஒரே வாரத்தில் சாய்ந்தன. அக்கா கோடு கிழித்த மண்ணைச் சுற்றி நீலத் தகர வேலி எழுந்தது. அதைத் தொடர்ந்து முதலாளி கடைசித் தறிகளையும் லாரியில் ஏற்றினார். லைன் வீட்டுச் சாவியை மாதக் கடைசியில் கொடுத்துவிடச் சொன்னார். ஈரோட்டில் மஞ்சள் மண்டி பக்கம் மகள் வீட்டில் ஒரு ஓரம் இருக்கிறது என்றார் அக்கா. ஓரம் என்றுதான் சொன்னார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அதே மண்டபத்தில் இன்னொரு கூட்டம். கிடங்குத் திட்டத்துக்கு நன்றி சொல்கிற தீர்மானம். அக்கா வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். முன்வரிசையில் அவர் பெயரோடு நாற்காலி மறுபடியும் காத்திருந்தது. போய் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

பொறுப்பாளர் படித்து முடித்தார். டேப்லெட் தாழ்ந்தது. சிரித்தார். தலையாட்டினார்.

ஒன்றுமில்லை.

ஏசியின் உறுமல் மட்டும். பின்வரிசைகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் திட்டமிடவில்லை, யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. அந்த முதல் சத்தம் இல்லாமல் கை தட்டி அவர்களுக்குப் பழக்கமே இல்லை. பொறுப்பாளரின் சிரிப்பு அப்படியே இருந்தது, கழுத்து மட்டும் சிவந்தது.

அப்போது கைதட்டல் வந்தது.

சுவர்களிலிருந்து வந்தது. கூரையிலிருந்து வந்தது. மழை மாதிரி, சீராக, ஏற்ற இறக்கத்தோடு, நடுவில் ஒரு விசில்கூட. நாலு மூலை ஸ்பீக்கர் பெட்டிகளும் தட்டிக்கொண்டிருந்தன. மேடையோரம் கழுத்தில் அட்டை மாட்டிய அந்தப் பெண்ணின் விரல் டேப்லெட்டின் மேல் இருந்தது. மண்டபத்தில் ஒரு கை அசையவில்லை. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து, எங்கள் கைதட்டலை நாங்களே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மில்லுக்காரர் தலையைத் தூக்கி ஒரு பெட்டியைப் பார்த்தார். அவருக்கே கொஞ்சம் அதிர்ச்சிதான்.

அக்காவுக்கு அது கேட்கவில்லை. அவர் மெதுவாகத் திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். ஒவ்வொரு வரிசையாக, மடிமேல் சும்மா கிடக்கிற கைகளைப் பார்த்தார். காலனிப் பெண்களின் கைகளைப் பார்த்தார். குழாயடியில் பேசியவளின் கைகளைப் பார்த்தார். அவர் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் எழுதிப் பார்த்து எழுதிப் பார்த்து அடித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஈரோடு பஸ்ஸுக்காக நின்றோம். ஒரு இரும்புப் பெட்டி, ஒரு கேஸ் அடுப்பு, சாக்கில் கட்டிய பாத்திரங்கள். நான் பஸ்ஸுக்குள் ஏற்றி வைத்துவிட்டு இறங்கினேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"அன்னிக்கு ஒருத்தருமே தட்டலயல்ல கண்ணு?"

நான் முகத்தைத் திருப்பவில்லை. உதடுகளைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "ஒரு கை அசையலீங்கக்கா."

"நெசமாலுமா?"

"நெசமுங்க."

பஸ் நகர்ந்தது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தறிக்கூடத்துக்குள் பேசுகிற பழக்கத்தில் உரக்கக் கத்தினார்.

"அப்ப அது செல்லாது கண்ணு! வாரேன்!"